கட்டடங்களின் மேலாடை

வீட்டின் உட்சுவருக்கு எந்த நிறம் பூசினாலும் கேட்பாரில்லை. உயர்ந்தெழும் மாடிக் கட்டடத்தின் புறச்சுவரோ, கட்டியவருக்கு உரியதாயினும், அதை நாள்தோறும் காண்பவர் நகரத்தார் அனைவருமே.

கல்முனை முதலாய கீழ்க்கரை ஊர்களின் பழைய வீடுகளும் பள்ளிவாசல்களும் வெண்சுண்ணம் பூண்டு நின்றவை. முருகைக்கல்லைச் சூளையிற் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கீழ்க்கரைக்குப் புதிதன்று. அது வெயிலைத் திருப்பியனுப்பும். சுவரில் ஏறிய ஈரம் வெளியேறவும் வழிவிடும். கடற்கரை அரிப்புக்கு அஞ்சி 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தது. சூளைகள் அவிந்தன; கடைவீதியில் வாளிச் சாயம் வந்தமர்ந்தது.

நிறத்தாலேயே பெயர்பெற்ற கட்டடம் ஒன்று கொழும்பில் உண்டு. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இந்திய முஸ்லிம் வணிகர் 1908இல் தொடங்கி 1909இல் நிறைவேற்றிய ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலே அது. வரைந்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. கட்டடக்கலைப் பட்டம் பெறாதவர். செங்கல்லின் செம்மையும் வெண்மையும் மாறிமாறி வரியோட, மாதுளங்கனி போன்ற குவிமாடங்களை அமைத்தார். துறைமுகத்தை அணுகிய மாலுமிகள் இதனைக் கண்டே கொழும்பை இனங்கண்டனர் என்பர். பட்டம் இல்லாதவர் கைவண்ணம் நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது; பட்டதாரிகளுக்கு இதனால் மனக்குறை வேண்டியதில்லை.

உயர்மாடிக் காலம் வந்தபோது ஜெஃப்ரி பாவா வேறு வழி கண்டார். 1978இல் நிறைவுற்ற அரச ஈட்டு வங்கியின் 12 மாடிக் கட்டடத்தில், புறச்சுவரே காற்றை உள்ளே விடுமாறு திறப்புகளை அமைத்தார். பின்வந்தோர் அந்நெறியைப் பெரிதும் தொடரவில்லை. மூடிய கண்ணாடியும் குளிரூட்டியுமே நாகரிகம் எனப்பட்டன. வெப்ப நாட்டிற் கண்ணாடிச் சுவர் வெயிலை உள்ளே சிறைப்படுத்தும். பின் அதனை வெளியேற்ற மின்சாரம் வேண்டும். 152 மீற்றர் உயரமான உலக வர்த்தக மையத்து இரட்டைக் கோபுரங்கள் 1997 ஒக்டோபரில் திறக்கப்பட்டன. அம்மாதம் 15ஆம் நாள் அருகே வெடித்த குண்டினால் அவற்றின் கண்ணாடிகள் பெருமளவில் நொறுங்கின.

எனினும், புறச்சுவரின் பெருந்துயரம் நிகழ்ந்தது இலண்டனில். 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கோபுரம் 2016இல் புதுப்பிக்கப்பட்டபொழுது, முன்னர் எண்ணியிருந்த துத்தநாகத் தகடு செலவு கருதிக் கைவிடப்பட்டு, அலுமினியக் கூட்டுத் தகடு பொருத்தப்பட்டது. இரு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கிடையே பொலித்தீன் அடைத்த பலகை அது. 2017 ஜூன் 14ஆம் நாள் ஒரு சமையலறையில் மூண்ட தீ, அப்பலகைகளைப் பற்றிச் சில நிமிடங்களில் உச்சிவரை ஏறியது. 72 உயிர்கள் மாண்டன. அடுத்த ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து, 18 மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களைத் தடைசெய்தது.

இவ்வகைப் பலகை இன்று சிற்றூர்க் கடைகளின் முகப்புக்கும் வந்துவிட்டது. பொலித்தீன் உள்ளதும், எளிதில் தீப்பற்றாத கனிமத்தூள் மிகுந்ததும் ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில் கிடைக்கின்றன. முகப்பில் பொருத்திய பின் அவ்விரண்டையும் வெறுங்கண்ணாற் பிரித்தறிய இயலாது.