தாடை மூட்டு வலியும் செட்டிநாட்டு வைத்திய வழிகளும்

காதுமடலுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் விரலடியில் அசைவது தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் மேல்முனைக் குமிழும், மண்டையோட்டின் பொட்டெலும்பில் அதற்கென அமைந்த குழியும் சேருமிடம் இது. எலும்பும் எலும்பும் உராயாமல் இருக்க நடுவே நார்த்திசுவாலான மெல்லிய வட்டு ஒன்று கிடக்கிறது. வாயை அகலத் திறக்கும்போது குமிழ் குழிக்குள் சுழல்வதோடு நில்லாமல், வட்டையும் கூட்டிக்கொண்டு முன்னோக்கிச் சறுக்குகிறது என்பதால், இம்மூட்டில் பழுது வந்தால் வலி ஓரிடத்தில் நிற்பதில்லை: காது குடைகிறது, பல் கூசுகிறது, பொட்டு தெறிக்கிறது, சோற்றை மெல்ல முடிவதில்லை. வலிக்குப் பல முகம் இருந்ததனால்தான் அதற்கு வைத்தியம் செய்தவர்களும் பலவகையினராக இருந்தார்கள். காரைக்குடியை நடுவாகக் கொண்டு, இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் செட்டிநாட்டு ஊர்களிலும் தாடை வலிக்காரர் நெடுங்காலம் வாத வைத்தியரிடமும், எலும்பு கட்டுபவரிடமும், காது வைத்தியரிடமும், பல் பிடுங்குபவரிடமும் மாறி மாறிப் போய் வரவேண்டியிருந்தது.

இவர்களுள் வாத வைத்தியரின் உரிமை பழமையானது. வாத நோய்கள் 80 என்பது சித்த மரபின் கணக்கு. தாடை இறுகுவதும் கோணுவதும் வாதத்தின் கூறுகளாகவே இந்திய மருத்துவ மரபுகளில் கொள்ளப்பட்டன. தைலம் பூசி, நொச்சி போன்ற இலைகளை வதக்கி ஒத்தடம் கொடுத்து, மெல்ல வேண்டாத கஞ்சி கொடுத்து வைத்திருப்பது எளிய முறைதான் என்றாலும், இன்று முகத்தாடை அறுவை மருத்துவர் முதல் வாரத்துக்கு எழுதிக்கொடுக்கும் வெந்நீர் ஒத்தடம், மிருதுவான உணவு, வாய்க்கு ஓய்வு என்ற பட்டியலிலிருந்து அது வெகு தூரம் விலகியதன்று. மூட்டு வலிகளில் பெரும்பகுதி தசைப்பிடிப்பால் வருவதென்பதும், அது இவ்வளவிலேயே தணிந்துவிடும் என்பதும் பின்னாளில் தெரிந்த செய்திகள்.

தாடை விலகல் வேறு கதை. பெரிதாகக் கொட்டாவி விடும்போது குமிழ் தன் குழியின் முன்மேட்டைத் தாண்டிப்போய்த் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால், வாய் திறந்தபடியே மாட்டிக்கொள்கிறது. வாய் மூடாத நிலையில் தாடையை வேது கொடுத்து இளக்கி, கட்டைவிரல்களால் அழுத்தி, மற்ற விரல்களால் மோவாயை உயர்த்த வேண்டும் என்று சரக சம்ஹிதை சொல்கிறது; இடம் சேர்ந்த தாடைக்கு ஐந்து கால்களுடைய துணிக்கட்டுப் போட வேண்டும் என்பது சுசுருதர் மரபு. எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் ஏட்டிலும் கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டஸ் நூல்களிலும் ஏறக்குறைய இதே முறை இருக்கிறது. இன்றைய மருத்துவரும் கட்டைவிரல்களில் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டு, நோயாளியின் கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து, முதலில் கீழே அழுத்திப் பிறகு பின்னே தள்ளுகிறார். துணி மருந்துக்காக அன்று. குமிழ் குழிக்குள் விழும் நொடியில் இறுகிய தசைகள் வாயைப் படாரென்று மூடிவிடும், அப்போது விரல் தப்ப வேண்டும். 3,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் மாறாத வைத்தியங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று எலும்பு வைத்தியர் கையிலும் பட்டம் பெற்ற மருத்துவர் கையிலும் ஒன்றுபோல் நடப்பது கருதத்தக்கது.

வாய் மூடாத நோய்க்குக் கைவைத்தியம் போதும். வாய் திறவாத நோய்க்குப் போதாது. குழந்தைப் பருவத்தில் மோவாய் தரையில் மோதும்படி விழுந்தாலோ, காதில் சீழ் பிடித்து அது மூட்டுக்குள் இறங்கினாலோ, குமிழும் குழியும் எலும்பாலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. மூட்டு ஒட்டு எனப்படும் இந்நிலையில் கீழ்த்தாடை வளராமல் நின்று மோவாய் உள்வாங்குகிறது. குழந்தை பல்லிடுக்கு வழியே கரைத்த உணவை உறிஞ்சுகிறது. உறக்கத்தில் மூச்சு முட்டுகிறது. இதற்குத் தைலமும் கட்டும் பயனில்லை. ஒட்டிய எலும்பை வெட்டியெடுத்து இடைவெளி உண்டாக்கி, அது மீண்டும் ஒட்டாதபடி பொட்டுத் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி நடுவே வைப்பதே வழி. ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இம்முயற்சிகளில் இறங்கினார்கள். எடின்பரோவின் தாமஸ் அனண்டேல் 1887இல், இடம் பெயர்ந்த மூட்டு வட்டைத் தைத்துச் சரிசெய்ததையும் எழுதி வெளியிட்டார்.

வலியை மட்டும் பொறுத்தவரை, அதற்கு உரிமை கோரியவர் பல் மருத்துவரல்லர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன் 1934இல், 11 நோயாளிகளை வைத்து, காதடைப்பும் காதிரைச்சலும் தலைவலியும் கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை அளவுக்கு மீறி மூடி, குமிழ் நரம்புகளை நெருக்குவதன் விளைவு என்றார். உடற்கூற்றியல் அவர் சொன்ன காரணத்தைப் பின்னர் ஏற்கவில்லை. ஆனால் காது வைத்தியருக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே அநாதையாகக் கிடந்த மூட்டு அதன் பிறகே பல் மருத்துவத்தின் எல்லைக்குள் வந்தது. காரணம் பிழையாக இருந்தும் வேலை நடந்தது. அதன் தீய பின்விளைவாக, நல்ல பற்களை அரைத்துக் கடி சரிசெய்யும் வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது.

தமிழகத்தில் இந்த எல்லை மாற்றம் கல்லூரிகள் வழியாக வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953இல் தொடங்கியது. தென்மாவட்டத்தார்க்கு மதுரைப் பெரியாஸ்பத்திரி இருந்தாலும், பல்லுக்கும் தாடைக்கும் தனிக் கல்லூரி என்றால் நெடுங்காலம் சென்னைதான். செட்டிநாட்டுச் செல்வம் இக்கதையில் நுழைவது சிதம்பரத்தில். கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் கிளையாக 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. காரைக்குடியிலேயே வள்ளல் அழகப்பச் செட்டியார் கல்லூரிகளை நிறுவி, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து மின்வேதியியல் ஆய்வகத்தையும் வரவழைத்தார். நகரத்தார் கொடையின் பரப்பு பெரிதுதான். இருந்தும் பல் மருத்துவக் கல்லூரி மட்டும் சொந்த மண்ணில் அமையாமல் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் அமைந்தது என்பதை, கொடையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இன்னொரு வாய்ப்பூட்டு விருந்தோம்பலின் வழியே வந்தது. கல்யாணம் முதல் பஞ்சாயத்து வரை வெற்றிலை பாக்கின்றி எதுவும் தொடங்காத சமூகத்தில், வெள்ளி வெற்றிலைப் பெட்டியும் பாக்குவெட்டியும் படிக்கமும் வீட்டுச் சீர்களாக இருந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவை இன்று வெளியூராருக்கு விலையாகின்றன. பாக்கை ஆண்டுக்கணக்கில் மெல்வோருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் பட்டைகள் இறுகி, மூட்டு நலமாக இருந்தும் வாய் திறவாமல் போவதை 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடமும், 1953இல் பம்பாயின் ஜோஷி தம் நோயாளிகளிடமும் கண்டு எழுதினர். பாக்கு தனியாகவே புற்றுக்குக் காரணமாகும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. தாடை வலி என்று வருபவரின் கன்னத்துக்குள் மருத்துவர் முதலில் விரலால் தடவிப் பட்டை தென்படுகிறதா என்று பார்ப்பதன் காரணம் இதுவே. மூட்டைத் திறந்து பார்ப்பதால் இந்நோய்க்கு நன்மையில்லை.

மூட்டைத் திறப்பதிலும் மருத்துவம் அவசரப்பட்டதுண்டு. 1980களில் அமெரிக்காவில் பழுதடைந்த வட்டுக்குப் பதிலாக டெஃப்லான் பூசிய தகடுகளைப் பொருத்தினார்கள். அவை தேய்ந்து துகள்களாகி எலும்பையே அரித்ததால் 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டன. ஏறக்குறைய அதே வேளையில், 1991இல், ஜெருசலேமின் டோரிட் நிட்சானும் உடனாய்வாளரும் மூட்டுக் கழுவல் என்னும் எளிய முறையை வெளியிட்டனர்: காதின் முன்குருத்திலிருந்து கண்ணின் வெளிக்கோடி வரை ஒரு கோடு வரைந்து, அதையொட்டி இரண்டு ஊசிகளை மூட்டுக்குள் இறக்கி, ஒன்றின் வழியே உப்புநீரைச் செலுத்தி மற்றதன் வழியே வெளியேற்றுவது. விலகிய வட்டு தன் இடத்துக்குத் திரும்பாமலேயே பலருக்கு வலி குறைந்து வாய் திறந்தது. வட்டைத் தைப்பதே மருத்துவம் என்றிருந்த ஒரு நூற்றாண்டு நம்பிக்கையை இரண்டு ஊசிகள் அசைத்துவிட்டன.

அறுவை தேவைப்படும் மூட்டு ஒட்டிலோ, கத்தியைவிடப் பிறகு வரும் பயிற்சியே கடினம். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஐஸ் குச்சிகளை அடுக்கிச் செருகி, சில நாளைக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வலிக்கிறதென்று பிள்ளை அழுவதைப் பார்த்து வீட்டார் விட்டுவிட்டால், வெட்டிய இடம் மாதங்களுக்குள் மீண்டும் இறுகிவிடும். இப்பயிற்சி ஓராண்டுக்கு மேலும் நீள்வதால், ஒழுங்காகப் போய்வரத்தக்க தொலைவில் மருத்துவர் இருந்தாக வேண்டும். சென்னைக்கும், பின்னாளில் அரசு ஏற்றுக்கொண்ட சிதம்பரம் கல்லூரிக்கும் அடுத்து, தமிழக அரசின் மூன்றாவது பல் மருத்துவக் கல்லூரி 2023 நவம்பரில் புதுக்கோட்டையில் திறக்கப்பட்டபோது, காரைக்குடியிலிருந்து காலையில் பேருந்து ஏறி வைத்தியம் பார்த்து அன்றே வீடு திரும்பும் தொலைவுக்குள் அத்தகைய கல்லூரி ஒன்று வந்தது.