ஞாயிற்றுக்கிழமையை யார் கொடுத்தது?

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவை ஜெஜூரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். புனேயிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். கண்டோபா கோயில். மஞ்சள் பொடியை வாரி வாரி இறைப்பார்கள். படிக்கட்டு, தூண், தலை, சட்டை எல்லாமே மஞ்சள்தான்.

"என்னப்பா, ஞாயித்துக்கிழமை இவ்வளவு கூட்டம்?" என்றார் சித்தப்பா. "கண்டோபாவுக்கு ஞாயிறுதான் விசேஷம் சித்தப்பா" என்று சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ஆபீஸ்! ஏதோ ஒரு ஸ்டேட்மென்ட் உடனே வேண்டுமாம். மதில் ஓரமாக நின்று இருபது நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால் சித்தப்பா கேட்டார்: "ஏம்ப்பா, பேங்க்குக்கு ஞாயித்துக்கிழமை லீவுதானே?"

லீவுதான். அந்த லீவை வாங்கிக்கொடுத்தவர் கதை இந்த மராட்டிய மண்ணின் கதை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு விடுமுறை வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போவதற்காக வந்தது, அப்படியே நமக்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அரசாங்க ஆபீஸ்களுக்கு அது பொருந்தலாம். மில் தொழிலாளிக்குப் பொருந்தாது.

பி.காம் படித்தவர்களுக்கு 1881 என்றதும் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட் ஞாபகம் வரும். அதில் 25-வது பிரிவு: பில் அல்லது பிராமிசரி நோட்டின் கெடு பொது விடுமுறையன்று வந்தால், முந்தைய வேலைநாளே கெடு. பொது விடுமுறை என்றால் ஞாயிறும் சேர்த்தி. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சமாச்சாரம்.

அதே 1881-ல்தான் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான். மாதம் நாலு நாள் லீவு. வயது வந்தவர்களுக்கு? ஒன்றுமே இல்லை. ஆக, ஒரே வருடத்தில் வந்த இரண்டு சட்டங்களில் பிராமிசரி நோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது, மனுஷனுக்குக் கிடைக்கவில்லை. பரீட்சைக்குப் படித்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

இங்கேதான் நாராயண் மேகாஜி லோகாண்டே வருகிறார். பிறந்தது 1848-ல், தாணேயில். ஜோதிராவ் புலேயின் சீடர். புலே 1873-ல் இதே புனேயில் சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தைச் சேர்ந்த கிருஷ்ணராவ் பாலேகர் 1877-ல் புனேயில் ஆரம்பித்த பத்திரிகை 'தீனபந்து'. நொடித்துப்போன அந்தப் பத்திரிகையை 1880-ல் லோகாண்டே பம்பாயிலிருந்து நடத்த ஆரம்பித்தார்.

ரயில்வேயிலும் தபால் துறையிலும் வேலை பார்த்துவிட்டு, பம்பாயில் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தவர் லோகாண்டே. அதாவது தறி ஓட்டியவர் அல்ல. நம்மைப் போல ரிஜிஸ்தர் எழுதியவர். வேலை வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவன் முகத்தைப் பார்த்தவர். எனக்கு அவர் மேல் பிரியம் வர இதுதான் காரணம்.

1884 செப்டம்பரில் பம்பாயில் மில் தொழிலாளர் கூட்டம் கூட்டினார். சுமார் 5,500 பேர் ஆதரித்த மனு தயாரானது. என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்: ஞாயிறு விடுமுறை. மதியம் அரை மணி இடைவேளை. காலை ஆறரையிலிருந்து சூரியன் மறையும் வரை மட்டும் வேலை. சம்பளம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள். வேலையில் அடிபட்டால் குணமாகும் வரை சம்பளம்.

மனநலம் என்ற வார்த்தை அந்த மனுவில் இல்லை. ஆனால் மனுஷன் மனசு உடையாமல் இருக்க என்ன வேண்டும் என்று இன்று என்னைக் கேட்டால் இதே பட்டியலைத்தான் கொடுப்பேன். எப்போது வேலை முடியும், எப்போது காசு வரும், முடியாமல் போனால் கைவிடுவார்களா. இந்த மூன்றும் தெரியாமல் இருப்பதுதான் பாதி வியாதி.

லோகாண்டேயின் பம்பாய் மில் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தாவும் இல்லை, விதிமுறைப் புத்தகமும் இல்லை. ஆனாலும் விடவில்லை. 1890 ஏப்ரல் 24-ம் தேதி நடந்த கூட்டத்துக்கு சுமார் 10,000 பேர் வந்தார்கள். இரண்டு பெண் தொழிலாளிகள் மேடையேறிப் பேசினார்கள். ஞாயிறுதான் வேண்டும் என்பதற்கு அவர் கண்டோபாவையும் சாட்சிக்கு அழைத்தார் என்று இங்கே மராட்டிய நண்பர்கள் சொல்வார்கள். 1890 ஜூன் 10-ம் தேதி பம்பாய் மில் முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தது. 1891 தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறையும் மதிய இடைவேளையும் ஏறின.

நம்ம ஊரில் இந்தப் பேச்சு பெரிதாக எழ இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1918 ஏப்ரல் 27-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். நம் பள்ளிப் புத்தகங்களில் இவர்கள் உண்டு. லோகாண்டே இல்லை. 1897-ல் பிளேக் வந்தபோது அதிலேயே இறந்துபோனார். 2005-ல் தபால் தலை வெளியிட்டார்கள்.

சரி, இப்போது என் கதை. ஒரு கிளையில் மேனேஜராக இருந்தபோது லாத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் புரொபேஷனரி ஆபீசராக வந்து சேர்ந்தான். கெட்டிக்காரன். எதைச் சொன்னாலும் "ஹோ சர்". மேலிடத்திலிருந்து எனக்கு டார்கெட் நெருக்கடி. அதை அப்படியே அவன் தலையில் இறக்கினேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் "ஸ்டேட்டஸ்?" என்று ஒரே வார்த்தை அனுப்புவேன். பதில் வர ஐந்து நிமிடம் ஆனால் கேள்விக்குறி அனுப்புவேன்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் ரெக்கார்டு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறான். தப்தரி வந்து சொன்னார். போய்ப் பார்த்து, "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று ஆறுதல் சொன்னேன். ஆறுதலாம்! அடுத்த திங்கள் அவன் வரவில்லை. அவன் அம்மா போன் செய்தார். திட்டவில்லை. "சாஹேப், போன் சத்தம் கேட்டாலே பையன் நடுங்குறான்" என்று மட்டும் சொன்னார். மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். லீவுக்கு வந்த மெடிக்கல் சர்டிபிகேட்டில் வைரல் காய்ச்சல் என்று இருந்தது. உண்மையை எழுதினால் பெயர் கெடும் என்ற பயம். எனக்குத் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அவன் தேறி, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனான். நான் இன்னும் அந்த "ஸ்டேட்டஸ்?" என்ற மெசேஜிலிருந்து தேறவில்லை.

2024 ஜூலையில் இதே புனேயில் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன இளம் கணக்காயர் ஒருவர் இறந்துபோனார். வேலைப்பளுதான் காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. நிறுவனம் அதை மறுத்தது. அந்தக் கடிதம் பற்றிய செய்தியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. லாத்தூர் அம்மாவின் குரல்தான் காதில் கேட்டது.

எங்கள் ஆபீசில் ஒருமுறை மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஆன்லைன் வகுப்பு வைத்தார்கள். என்றைக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை :-)

வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் என்ற இலவச உதவி எண்ணைத் தொடங்கியது: 14416. தமிழிலும் பேசலாம். தேவைப்பட்டால் தயங்காதீர்கள். ஆனால் ஆளை உடைப்பதை உடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒட்டுவதற்கு மட்டும் ஆள் வைப்பது என்ன கணக்கு?

வங்கியில் ஒரு வேடிக்கை உண்டு. முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை வருடத்துக்குப் பத்து வேலைநாளாவது முன்னறிவிப்பில்லாமல் லீவில் அனுப்ப வேண்டும், அந்த நாட்களில் வேலை சம்பந்தமான எதையும் அவர்கள் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. எதற்கு? மோசடியைக் கண்டுபிடிக்க! சந்தேகத்தின் பேரிலாவது நிம்மதியாக விடுகிறார்களே.

வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்குப் பிரான்சில் 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே 2018 டிசம்பரில், ஜெஜூரியை உள்ளடக்கிய பாராமதி தொகுதியின் எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் அப்படி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

இதற்கிடையில் பணம் தன் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டது. 2019 டிசம்பரில் நெஃப்ட், 2020 டிசம்பரில் ஆர்டிஜிஎஸ் இரண்டும் 24 மணி நேரமும், வருடம் முழுக்க என்று ஆனது. நல்லதுதான், மெஷினுக்கு மனசு இல்லை. ஆனால் மெஷின் தூங்காததால் மனுஷனும் தூங்கக்கூடாது என்று நாமே நினைக்க ஆரம்பித்துவிட்டோம். லோகாண்டே முதலாளிகளிடம் கேட்டு வாங்கிய நாளை, நாம் போனை எடுத்து எடுத்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு இப்போது ஞாயிறன்று நான் மெசேஜ் அனுப்புவதில்லை. எனக்கு மேலே இருப்பவர்களுக்கு "திங்கள் காலை தருகிறேன்" என்று சொல்லும் தைரியம்தான் இன்னும் முழுசாக வரவில்லை. ஜெஜூரியில் போனை எடுத்தேனே!

சித்தப்பா தீபாவளிக்கு மறுபடி வருகிறாராம். அப்போது போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவதாக உத்தேசம். பார்ப்போம்.