தில்லி கேட்ட பெரிய சத்தம்

தீபாவளி ராத்திரி. ஃபிளாட்டின் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. எட்டு வயதுப் பையன் காதைப் பொத்திக்கொண்டே கேட்டான்: "அப்பா, உலகத்துலயே பெரிய சத்தம் எதுப்பா?"

தெரிந்ததைச் சொன்னேன். 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தது. 160 கிலோமீட்டர் தள்ளியிருந்த பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எரிவாயு ஆலையின் அழுத்தமானி காட்டியதை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 172 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு! இலங்கையிலும் கேட்டிருக்கிறது. 4,800 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிகஸ் தீவில் இருந்தவர்கள் ஏதோ பீரங்கி என்று நினைத்தார்களாம். 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் எரிமலை வெடித்த சத்தம் சுமார் 10,000 கிலோமீட்டர் தாண்டி அலாஸ்கா வரை கேட்டது.

"மனுஷங்க போடறதுல?"

2000ஆம் ஆண்டு ஜில் டிரேக் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 129 டெசிபலுக்கு அலறி கின்னஸில் இடம்பிடித்தார்.

"நம்ம தில்லியில?"

அதற்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஷ்மீரி கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லோதியன் சாலையில், பெரிய தபால் நிலையத்துக்கு அருகே, பழைய செங்கல் வாசல் ஒன்று நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆயுதக் கிடங்கில் மிஞ்சியது அவ்வளவுதான்.

1857 மே 11. மீரட்டில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் காலையில் தில்லிக்குள் வந்துவிட்டார்கள். கிடங்குக்குள் லெப்டினன்ட் வில்லோபியும் எட்டு வெள்ளைக்காரர்களும். சிப்பாய்கள் ஏணி வைத்து மதிலேறினார்கள். பிற்பகலில், இனித் தாங்காது என்றானதும் பக்லி தொப்பியைத் தூக்கிச் சைகை காட்ட, ஸ்கல்லி மருந்துக்குத் தீ வைத்தார். அந்தச் சத்தம் அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் மீரட்டில் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களில் தப்பிய மூன்று பேருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

வாசலில் இரண்டு கல்வெட்டுகள். பழையதில் அந்த ஒன்பது பேரின் பெருமை. சுதந்திரத்துக்குப் பின் வைத்தது, 'கலகக்காரர்கள்' என்று மேலே சொல்லப்பட்டவர்கள் அந்நிய ஆட்சியை அகற்றப் போராடிய இந்தியச் சிப்பாய்கள் என்று திருத்துகிறது.

"வெளியில செத்தவங்க பேரு எங்கப்பா?"

இல்லை. சத்தம் மீரட் வரை போனது. அவர்கள் பெயர் பக்கத்துக் கல்லுக்குக்கூட வந்து சேரவில்லை.

திரும்பும்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பையனிடம் சொல்லவில்லை. 1998 ஜனவரி 3 நாளிதழ்களில் வந்த செய்தி. பலாத்காரத்துக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல், அக்கம்பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கிப் பாட்டில் அமுங்கிப்போனது. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்தாள். இதைக் காட்டி அனில் மிட்டல் என்ற பொறியாளர் இங்கே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2005 ஜூலை 18 அன்று தீர்ப்பு வந்தது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, வெடியும் கூடாது. (பண்டிகைக்காக வருஷத்தில் 15 நாள் மட்டும் மாநில அரசு ஒலிபெருக்கியை நள்ளிரவு வரை அனுமதிக்கலாம்.) குடியிருப்புப் பகுதியில் ராத்திரி வரம்பு 45 டெசிபல். சாதாரணமாகப் பேசுவதைவிடக் குறைவு!

தில்லிக்காரர்களின் ஜாக்ரண் சத்தத்தைத் திட்டுகிறோம். நம் ஐயப்ப பூஜையில் ஸ்பீக்கர் வைப்பது யார்? தீபாவளிக்கு ஊரிலிருந்து சிவகாசிச் சரவெடி கொண்டுவந்தது யார்? நானும்தான்.

இந்தக் கார்த்திகையில் எங்கள் காலனி பூஜையில் ஒன்பதரைக்கே ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லப்போகிறேன். சண்டை வரும். வரட்டும். பக்கத்து வீட்டில் யாராவது கூப்பிட்டால் எங்களுக்குக் கேட்க வேண்டும்.