தன்பால் இணையர் மணவிழாவும் சுற்றத்தின் சான்றும்: மும்பைத் தமிழரை முன்வைத்து

முன்னுரை

மணம் என்பது இருவர் ஒன்றுபடுவதாயினும், அதனை மணமென நிலைபெறச் செய்வது சுற்றத்தின் வருகையே என்னும் எண்ணம் தமிழர் வாழ்வியலில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. சடங்குகள் காலந்தோறும் மாறியுள்ளன. கூடியிருந்து வாழ்த்துவோர் வேண்டும் என்பது மாறவில்லை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் மணத்தை இந்தியச் சட்டம் ஏற்கவில்லை. இந்நிலையில் இவ்விணையரின் மணவிழாவும் வரவேற்பும் என்ன பொருளைப் பெறுகின்றன என்பதை மும்பைத் தமிழர் வாழ்வை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் மணம்

தொல்காப்பியக் கற்பியல், கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்ளுதலைக் கரணத்தொடு கூடிய கற்பு என்கிறது. அதனை அடுத்தே, உடன்போக்கு நிகழ்ந்தவிடத்துக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்று விலக்கும் தருகிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்பதும் அந்நூலின் கூற்றாகும். எனவே, கரணம் தேவை கருதிப் பின்னர் வகுக்கப்பட்டது என்பதும், வழக்கிற்கு ஏற்ப நெகிழ்ந்தது என்பதும் இலக்கண நூலாரே உடன்பட்ட செய்திகளாகும்.

நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86ஆம் பாடலில் மணற்பரப்பு, பந்தல், விளக்கு, உழுந்து சேர்ந்த உணவு ஆகியவை இடம்பெறுகின்றன. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். சுற்றத்தார் அவளை மணமகனுக்கு அளிக்கின்றனர். விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலிலும் விருந்தும் சுற்றமுமே சிறப்பிடம் பெறுகின்றன. இவ்விரு பாடல்களிலும் தீவலம் இல்லை. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில்தான் பார்ப்பான் மறைவழி காட்ட மணமக்கள் தீவலம் வருவதைக் காண்கிறோம். இம்மூன்றும் ஆண்பெண் மணங்களே. அவற்றில் தன்பால் மணத்திற்குச் சான்று தேடுதல் பொருந்தாது. சடங்கு மாறியபோதும் சுற்றத்தின் சான்று தொடர்ந்தது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

சட்டத்திற்கு முன் நிகழ்ந்த மணங்கள்

மணவிழா முந்துவதும் சட்டம் பிந்துவதும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடைபெற்ற மணம் முதல் சுயமரியாதைத் திருமணமாகக் கூறப்படுகிறது. புரோகிதரும் தீயும் இன்றி, கூடியோர் முன்னிலையில் இத்தகைய மணங்கள் பல நிகழ்ந்தன. ஊரறிந்த அம்மணங்களைச் சட்டம் அறியவில்லை. 1953இல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், இவ்வகை மணம் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி என்னும் உரிமையும் மக்களின் சொத்துரிமையும் இதனால் கேள்விக்கு உள்ளாயின.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. முன்னர் நிகழ்ந்த சுயமரியாதை மணங்களும் இதனால் செல்லுபடியாயின. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நிகழும் மணத்தை இப்பிரிவு ஏற்கிறது. சுற்றத்தின் சான்று சட்டத்தின் சொல்லாகவே இடம்பெற்றமை கருதத்தக்கது. ‘இந்துக்கள் இருவர்’ என்று தொடங்கும் இப்பிரிவு, ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்கும் உறுதிமொழியைக் கூறுவதால் ஆண்பெண் மணத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. மேலும், இது தமிழ்நாட்டுத் திருத்தமாதலின் மகாராட்டிரத்தில் நிகழும் மணங்களுக்குப் பொருந்தாது.

மும்பைத் தமிழரும் மணமன்றமும்

1896இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அமைப்பின் திட்டத்தால் மாதுங்கா புதிய குடியிருப்பாக வளர்ந்தது. எழுத்தர் முதலான அலுவலகப் பணிகளுக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் அங்குக் குடியேறின. தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் திருநெல்வேலிப் பகுதித் தமிழர் பெருமளவில் ஈடுபட்டனர். பின்னர்ச் செம்பூரும் தமிழர் மிகுந்த பகுதியாயிற்று. தொழிலாலும் சாதியாலும் இப்பகுதிகள் வேறுபட்டவையாயினும், புலம்பெயர்ந்த மக்கள் தம் உறவைக் கண்டும் காட்டியும் உறுதிசெய்துகொள்ளும் களமாக மணவிழா எங்கும் விளங்குகிறது. ஊரைவிட்டு வந்தோர்க்கு மணமன்றமே ஊர் எனலாம். அழைப்பிதழில் பெயர் இடம்பெறுவதும், மொய் எழுதுவதும், பந்தியில் அமர்வதும் ஒருவர் இன்னார்க்கு இன்னார் என்பதற்கான சான்றுகளாகும்.

‘மணமகன் தேவை’

இப்பின்னணியில் 2015 மே மாதம் மும்பையின் ‘மிட்-டே’ நாளிதழில் வெளிவந்த மணவிளம்பரம் வரலாற்றுச் சிறப்புடையது. மும்பைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த உரிமைச் செயற்பாட்டாளர் ஹரீஷ் ஐயருக்கு அவருடைய தாய் மணமகன் தேடி அவ்விளம்பரத்தை அளித்தார். ஆண் ஒருவருக்கு ஆண் துணை நாடி இந்திய நாளிதழில் வெளியான முதல் மணவிளம்பரம் என அது பரவலாகப் பேசப்பட்டது. வேறு சில நாளிதழ்கள் அதனை வெளியிட மறுத்த செய்தியும் அப்போது வெளிவந்தது.

அவ்விளம்பரத்தின் மொழி ஆராயத்தக்கது. வயது, பணி, உணவுப் பழக்கம் என வழக்கமான மணவிளம்பரத்தின் உறுப்புகள் அனைத்தும் அதில் இருந்தன. சாதி தடையில்லை என்று கூறிவிட்டு, ஐயர் எனின் விரும்பத்தக்கது என்னும் குறிப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. இக்குறிப்பு கடுமையான கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அது வேடிக்கையாகச் சேர்க்கப்பட்டது என்று குடும்பத்தினர் விளக்கினர். எவ்வாறாயினும், பால்வரையறையைக் கடந்த விளம்பரம் சாதிவரையறையின் மொழியைக் கடக்கவில்லை. குடும்ப ஏற்பு என்பது குடும்பம் சுமந்துவரும் அனைத்தையும் உடன்கொண்டே வருகிறது என்பதற்கு இது சான்றாகும்.

காலமும் நோக்கத்தக்கது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பாயிற்று. ஆகவே, மகனின் உறவைச் சட்டம் குற்றம் என்றிருந்த காலத்தில் தாய் அதனை மணம் என்று எழுதினார்.

விழாக்களும் வரவேற்பும்

2017 டிசம்பர் இறுதியில், 377ஆம் பிரிவு நடப்பில் இருந்தபோதே, மகாராட்டிரத்தின் யவத்மாலில் இரு ஆடவர் சுற்றமும் நட்பும் சூழ மணவிழாக் கொண்டாடினர். 2021 டிசம்பரில் ஐதராபாத்தை அடுத்து சுப்ரியோ சக்ரவர்த்தி, அபய் டாங் ஆகியோரின் விழா இரு குடும்பத்தாரும் கூட நடைபெற்றது. 2022 ஆகஸ்டு 31 அன்று சென்னையில் தமிழ்ப் பெண் ஒருவரும் வங்கதேசப் பெண் ஒருவரும் தமிழ்ப் பிராமண முறையில் மணம் செய்துகொண்டனர். மணமகளைத் தந்தை மடியில் அமர்த்தும் வழக்கமும் மாலை மாற்றலும் அவ்விழாவில் இடம்பெற்றன.

முகூர்த்தச் சடங்குகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கடமை வகுத்தவை. காசியாத்திரை மணமகனுக்கு உரியது. தாலி மணமகளுக்கு உரியது. நாத்தனார் முடிச்சு மணமகனின் உடன்பிறந்தாளுக்கு உரியது. தன்பால் இணையர் இவற்றை மேற்கொள்ளும்போது யார்க்கு எது என்னும் வினா எழுகிறது. மாலை வரவேற்பில் இவ்வினாவிற்கு இடமில்லை. அங்கு மந்திரம் இல்லை. பால்வழிக் கடமை இல்லை. இணையர் நிற்கின்றனர், வந்தோர் வாழ்த்திப் பரிசளித்து உண்டு செல்கின்றனர். பழைய சடங்குகளுள் எதனையும் மாற்றாமலே தன்பால் இணையரை ஏற்கத்தக்க வடிவம் வரவேற்பேயாகும். அதனால், மற்ற மணங்களில் இறுதி நிகழ்ச்சியாக அமையும் வரவேற்பு, இங்கு மணத்தின் முழுப் பொறுப்பையும் தாங்கவேண்டியதாகிறது.

சான்றின் எல்லை

சுற்றத்தின் சான்று நீதிமன்ற வாயிலில் நின்றுவிடுகிறது. சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று ஐவர் அமர்வு, மணத்திற்கு அடிப்படை உரிமை இல்லை என ஒருமனதாகவும், சட்ட ஏற்புடைய கூட்டுவாழ்க்கைக்கும் உரிமை இல்லை எனப் பெரும்பான்மையாகவும் முடிவு செய்தது. மறுஆய்வு மனுக்கள் 2025 சனவரியில் தள்ளுபடியாயின. 2024இல் ஒன்றிய அரசு கூட்டு வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை ஆகியவற்றில் தடையில்லை என விளக்கம் அளித்தது. எனினும், விருப்ப ஆவணம் எழுதாது ஒருவர் இறப்பின், வாழ்க்கைத்துணை என்ற முறையில் மற்றவர்க்கு மரபுரிமை இல்லை.

இவ்வெல்லையை மொய்யே விளக்கும். ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட அன்பளிப்பு வரிக்குரியது. உறவினர் தருவதற்கும் மணநாளில் பெறுவதற்கும் விலக்கு உண்டு. சட்டம் மணமென ஏற்காத விழாவில் நண்பர் தரும் பரிசுக்கு அவ்விலக்கைக் கோருதல் எளிதன்று. இணையர் ஒருவர்க்கொருவர் அளிப்பதும் வாழ்க்கைத்துணை தரும் கொடையாகக் கருதப்படுவதில்லை. இவ்வேறுபாட்டை எதிர்த்து ஓர் இணையர் தொடுத்த வழக்கில் 2025 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அறிவிக்கை அனுப்பியது. இதற்கிடையே, குடும்பம் அமைக்க மணம் ஒன்றே வழியன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியுள்ளது.

முடிவுரை

சங்கப் பாடல்கள் முதல் சுயமரியாதைத் திருமணம் வரை சுற்றத்தின் சான்றே தமிழர் மணத்தில் தொடர்ந்து நிற்கும் கூறு என்பது பெறப்படுகிறது. 2015இல் மும்பைத் தாய் ஒருவர் அளித்த விளம்பரமும் அச்சான்றை முன்கூட்டியே வழங்கிய செயலாகும். ஆயினும், 1928க்கும் 1967க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உணர்த்துவது வேறொன்றும் உண்டு. ஊர் கூடி வாழ்த்திய மணமும், சட்டம் ஏற்காதவிடத்து, துணையை இழந்த நாளில் கைகொடுப்பதில்லை. ஆதலின், வரவேற்பிற்கு வந்து வாழ்த்தியோர் அவ்விணையரின் உரிமைக்கும் சான்றாக நிற்கும்போதே அவ்வாழ்த்து நிறைவுபெறும்.