தூபகுண்டாவின் ஒரு ரூபாய்

சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு ராத்திரி ரயிலில் வரும் நம்மவர்களுக்கு நெல்லூர் என்றால் தூக்கத்தில் கடந்துபோகும் ஒரு ஸ்டேஷன். அவ்வளவுதான். மாற்றலாகி இங்கே வந்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்குகளைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்த மாவட்டத்தின் கதை எனக்கு முழுசாகத் தெரிந்தது. வரலாறு என்றதும் ஓடிவிடாதீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன்.

எண்பதுகளில் என்.டி.ராமராவ் ஆட்சியில், ஒன்றுபட்ட ஆந்திராவில் அரசே சாராயத்தை பாக்கெட்டில் அடைத்து விற்க ஏற்பாடு செய்தது. திட்டத்தின் பெயர் வாருணி வாஹினி. பெயர் என்னவோ அழகுதான்! ஏலம் எடுத்த குத்தகைதாரர்கள் குடிக்கத் தண்ணீர் வராத ஊருக்கும் பாக்கெட் வர வழி செய்தார்கள். 1970-71ல் 39 கோடி ரூபாயாக இருந்த மாநிலத்தின் கலால் வருமானம் 1991-92ல் 812 கோடி. கஜானாவில் இது வரவு. கூலிக்காரன் வீட்டில்? அடுப்பு எரியாத ராத்திரி, அடி, வட்டிக்கடன், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளை. இவை எந்த பட்ஜெட்டிலும் பற்று எழுதப்படவில்லை.

1991-ல் நெல்லூரில் அறிவொளி இயக்கம் போல ஒரு எழுத்தறிவுத் திட்டம் வந்தது. அதன் பாடங்களில் ஒன்று, புருஷன் குடியால் சீரழிந்த சீதம்மா என்ற பெண்ணின் கதை. படித்த பெண்களுக்கு அது பாடமாகத் தெரியவில்லை, தங்கள் வீடாகவே தெரிந்தது. தூபகுண்டா கிராமத்தில் ரோசம்மா முதலான பெண்கள் திரண்டு சாராயக்கடையை மூட வைத்தார்கள். அந்தச் செய்தியே அடுத்த பாடமாக அச்சாகி மற்ற ஊர்களுக்குப் போனது. 1992-ல் மாவட்டத்தில் சாராய ஏலத்தையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். 1993 ஏப்ரலில் நெல்லூரிலும், அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. பாக்கெட் சாராயம் கொண்டுவந்த அதே ராமராவ், மதுவிலக்கு வாக்குறுதி தந்து 1994 டிசம்பரில் மறுபடி முதல்வரானார். 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு!

எத்தனை நாளைக்கு? 1997-ல் சந்திரபாபு நாயுடு அரசு அதைத் தளர்த்திவிட்டது. சாராயத் தடை மட்டும் நின்றது, பாட்டில் கடைகள் திரும்பி வந்தன. கள்ளச்சாராயம், வெளிமாநிலச் சரக்கு என்று பல காரணங்கள் சொன்னார்கள். அடியில் இருந்தது பழைய காரணம்தான், கஜானாவில் பணமில்லை.

அப்படியானால் அந்தப் பெண்கள் தோற்றார்களா? வங்கிக்காரன் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. சாராயக்கடை மூடிய நாட்களில் மிச்சமான காசை வைத்து, நாளுக்கு ஒரு ரூபாய் என்று நெல்லூர்ப் பெண்கள் சேமிக்கத் தொடங்கினார்கள். 'பொதுபு லட்சுமி' என்று பெயர். தமிழில் சொன்னால் சேமிப்பு லட்சுமி. சட்டம் இரண்டு வருஷம்தான் தாங்கியது. அந்தச் சேமிப்புப் பழக்கமோ குழுவாகி, வங்கிக் கடனாகி, மாடாகவும் தையல் மிஷினாகவும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

குடியால் அரசுக்கு வருமானம் என்று யாராவது வாதம் செய்தால், தூபகுண்டாவின் கணக்கைக் காட்டுங்கள். வாரக் கடைசி பார்ட்டியில் "கொஞ்சம்தானே" என்கிற நம் வீட்டு ஆட்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். இந்த மாதம் வீட்டுச் செலவு எழுதும்போது அதற்கும் ஒரு வரி ஒதுக்கிப் பாருங்கள். கூட்டுத்தொகை தானாகவே பேசும்.