சித்தமும் உத்தியோகமும்

சித்தப் பிரமை கொண்டோரை விலங்கிட்டுப் பூட்டி வைப்பதே அவர்களைப் பரிபாலிக்கும் வழி என்று ஐரோப்பிய தேசங்கள் பெரும்பாலும் கருதியிருந்த காலத்தில், பாரிஸ் நகரத்து வைத்தியராகிய பிலிப் பினெல், 1801-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், ஸ்பெயின் தேசத்துச் சரகோசா நகர ஆஸ்பத்திரியின் நோயாளிகள் வயலில் இறங்கி உழைத்ததையும், அவ்வுழைப்பினால் பலர் தெளிவு பெற்றதையும் வியந்து எழுதினார். கைவேலை தமது அந்தஸ்துக்கு இழுக்கு என்று ஒதுங்கியிருந்த பிரபுக்கள் குணமடைவது அரிதாயிருந்தது என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. இதற்கு முன்பே, 1796-ல், இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் குவேக்கர் சமயத்தார் வில்லியம் ட்யூக்கின் முயற்சியால் திறந்த இல்லத்திலும் வேலையே ஔஷதமாகக் கொள்ளப்பட்டது.

இந்த நல்லெண்ணம் பெரிய ஸ்தாபனங்களின் கைக்குப் போனபோது அதன் ரூபம் மாறிற்று. துணி வெளுப்பதும், சமையற்கட்டில் பாடுபடுவதும், பண்ணையில் உழைப்பதும் சிகிச்சை என்ற பெயரால் நோயாளிகள்மேல் சுமத்தப்பட்டு, கூலியில்லாமலோ பெயரளவான கூலிக்கோ நடைபெற்று, கடைசியில் ஆஸ்பத்திரியின் செலவைக் குறைக்கும் உபாயமாகவே முடிந்தன. இப்படி உழைப்பவர்களும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே என்று 1973-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பல ஆஸ்பத்திரிகள் கூலி கொடுப்பதைவிட வேலையை நிறுத்திவிடுவதே சுலபம் என்று முடிவு செய்தன. நியாயமான தீர்ப்புக்கு இப்படியும் ஒரு பலன்!

இதற்கிடையே, 1952-ல் பாரிஸில் முதன்முதலாகச் சித்த நோய்க்குக் கொடுக்கப்பட்ட குளோர்புரோமசின் என்னும் மருந்து, காதில் கேட்ட குரல்களையும் வீண் சந்தேகங்களையும் பலருக்கு அடக்கிவிட்டது. ஆயினும் குரல்கள் ஓய்ந்த பிறகும், மேஸ்திரி அடுக்கிச் சொன்ன மூன்று காரியங்களில் மூன்றாவதை மறப்பதும், இரைச்சலுக்கு நடுவே கவனம் சிதறுவதும், நேற்றைய முறை இன்று மாறியதை ஏற்க முடியாமல் திகைப்பதும் நீங்கவில்லை. இந்தக் குறை மருந்துக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

அதைப் பயிற்சியால் தீர்க்க முடியுமா என்ற விவாதம் ஒரு சீட்டு விளையாட்டைச் சுற்றி நடந்தது. விஸ்கான்சின் பரீட்சை என்று பெயர் பெற்ற அதில், நிறம், உருவம், எண்ணிக்கை ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றைக் கொண்டு சீட்டுகளை இனம் பிரிக்க வேண்டும். எதைக் கொண்டு என்பதை எவரும் சொல்லமாட்டார்கள். சரி, தவறு என்ற இரண்டு சொற்களே கிடைக்கும். தொடர்ந்து பத்துச் சீட்டுகள் சரியாக விழுந்ததும், அறிவிப்பு ஏதுமின்றி விதி மாறிவிடும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 1987-ல் இதை ஸ்கிசோஃப்ரினியா என்னும் சித்த நோய் கண்டவர்களுக்குக் கற்பித்துப் பார்த்தார்கள். சீட்டுக்குச் சீட்டு வழிகாட்டியபோது நோயாளிகள் நன்றாகவே செய்தார்கள். வழிகாட்டுவதை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். இது கற்பிக்க முடியாத குறை என்ற அபிப்பிராயம் வலுத்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1990-ல், பொறுமையான பயிற்சியோடு சிறு வெகுமதியும் சேர்த்துக் கொடுத்தவர்கள் நோயாளிகளிடம் முன்னேற்றம் கண்டார்கள். தோற்றது நோயாளியின் மூளையா, போதித்தவரின் முறையா என்று கேட்க இடமிருந்தது. முறைதான் என்பது என் கருத்து.

ஏறக்குறைய அதே சமயத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர், வருஷக்கணக்காகத் தயார்ப்படுத்திப் பிறகு வேலை தேடுவது என்ற வழக்கத்தைத் தலைகீழாக்கி, முதலில் சாதாரணச் சந்தையில் சம்பள வேலை, பிறகு அந்த வேலையிலேயே உதவி என்று வகுத்தார்கள். வேலை பலருக்குக் கிடைத்தது, நிலைக்கத்தான் இல்லை. முன்பு சொன்ன மறதியும் கவனக் குறைவும் அங்கேயும் உடன் வந்திருந்தன.

இந்த இடத்தில்தான் சூசன் மக்கர்க், கிம் மூசர் என்ற ஆராய்ச்சியாளர் இருவர் மனப்பயிற்சி, வேலை உதவி என்ற இரண்டு வழிகளையும் ஒன்றாக இணைத்தார்கள். அவர்களுடைய முறையில் கம்ப்யூட்டரில் கவனம், ஞாபகம், திட்டமிடல் ஆகியவற்றுக்கான 24 அமர்வுகள் உண்டு. அவற்றோடு, சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்வது, மேலதிகாரி இட்ட உத்தரவை அவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது போன்ற எளிய உபாயங்களும் உண்டு. பயிற்சி தருபவரும் வேலை தேடித் தருபவரும் கூடிப் பேசுவது இதன் ஜீவநாடி. திரையில் பெறும் மதிப்பெண் எவருக்கும் சம்பளம் வாங்கிக் கொடுத்ததில்லை. ஆகவே பயிற்சியை மட்டும் விற்கும் வியாபாரிகளை நம்புவதற்கில்லை.

வேலை உதவி பெற்றும் பலன் காணாத 107 பேரைக் கொண்டு 2015-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், செம்மைப்படுத்திய வேலை உதவி மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேரும், அதனுடன் மனப்பயிற்சியும் பெற்றவர்களில் நூற்றுக்கு 60 பேரும் இரண்டாண்டுக்குள் சாதாரணச் சந்தையில் சம்பள வேலை பார்த்தார்கள்.