அனல்மின் புகைக்கு நாலு வாய்தா

1/ போடி ஓ.பி.க்கு ஏலக்காய் ஸ்டோர்ல விறகுப் புகையில் வேலை செய்யறவங்க இளைப்போட வருவாங்க. புகையை உடனே நிறுத்த முடியாது. அவகாசம் கொடுப்பேன், கூடவே ரிவியூ தேதியும்.

2/ 2015 டிசம்பர் 7. அனல்மின் நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடுக்கு மத்திய அரசு வரம்பு வெச்சது. கெடு 2 வருஷம்.

3/ கந்தகம் நீக்கும் கருவியை வாங்கி, கட்டி, நிலையத்தை நிறுத்தி இணைக்கணும். 2 வருஷம் பத்தாதுதான். அது நியாயம்.

4/ ஆனா கெடு 2022, 2024, 2026, 2029-னு நகர்ந்துச்சு. 2025 ஜூலையில், நம்ம நிலக்கரியில் கந்தகம் கம்மின்னு, சுமார் 78% யூனிட்டுகளுக்கு விலக்கே கொடுத்தாச்சு.

5/ அந்தக் கந்தகம் காத்துல நுண்தூசியா மாறி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

6/ அவகாசம் தப்பில்லை. ரிவியூ இல்லாத அவகாசம் வைத்தியமே இல்லை.